தேக்கை எண்ணத் தொடங்கியவர்

ஜெர்மனியின் பான் நகரில் 1824-இல் பிறந்த டீட்ரிச் பிராண்டிஸ், அடிப்படையில் தாவரவியலாளர். 1856-இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் காடுகள் வரைமுறையின்றி வெட்டப்பட்ட காலம் அது.

காட்டின் குறுக்கே பயணித்து, தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாக எண்ணினார். வளரும் அளவுக்கே வெட்ட வேண்டும் என்று வரையறுத்தார். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் பொருளியல் இது. 1864-இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளரானார். கிராம மக்களின் வன உரிமைக்காகவும் வாதிட்டார். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முழுமையாகச் செவிசாய்க்கவில்லை.

எனினும், அரசின் பேரேட்டில் வரவாக நின்றவை தேக்கு போன்ற சில மரங்களே. விளைவாக, பல இடங்களில் கலப்புக் காடுகள் ஓரினத் தோட்டங்களாயின.

பேரேடு காணத் தவறியது என்ன? ஆழ வேரும் மேல் வேரும் அருகருகே இருந்தால் நீரும் சத்தும் பங்கிடப்படுகின்றன. ஓரினத்தைத் தாக்கும் பூச்சி காடு முழுவதையும் அழிப்பதில்லை. சீனாவின் ஜியாங்ஸி மாகாணத்தில் நடந்த சோதனையில், 16 இனங்கள் கலந்த தோப்புகள், எட்டே ஆண்டுகளில் ஓரினத் தோப்புகளின் சராசரியைவிட இரு மடங்குக்கும் மேலாகக் கரிமத்தைச் சேமித்திருந்தன.

1906-இல், தமது 82-ஆவது வயதில், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களை விவரிக்கும் 'இந்திய மரங்கள்' நூலை பிராண்டிஸ் வெளியிட்டார். மறு ஆண்டே பான் நகரில் மறைந்தார்.

அவருடைய முதல் கணக்கை நாம் நன்றாகவே கற்றோம். கடைசிக் கணக்கையும் கற்காவிட்டால், மரங்கள் இருக்கும், காடு இராது.