பாலேட்டைச் சுழற்றி எடுத்தவர்

கறந்த பாலைக் காய்ச்சாமல் அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் குளிர்ந்த இடத்தில் ஓரிரவு வைத்தால், காலையில் அதன்மேல் மஞ்சள் கலந்த ஏடு படர்ந்திருக்கும். கரண்டியால் மெல்ல வழித்தெடுக்கலாம். பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் அடர்த்தி குறைந்தவை. அதனால் மேலே மிதந்து வருகின்றன. (கடையில் வாங்கும் பெட்டிப் பாலில் இதை முயன்று ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அத்துளிகளை ஆலையிலேயே மிகச் சிறியதாக உடைத்துக் கலந்துவிடுகிறார்கள்.)

வீட்டுக்கு இது போதும். வெண்ணெய் விற்றுப் பிழைத்த ஐரோப்பிய விவசாயிக்கு இந்தக் காத்திருப்பு பெருந்தொல்லை. வெயில் காலத்தில் ஏடு முழுதும் மேலே வருவதற்குள் பால் புளித்துவிடும். அந்தக் காத்திருப்பை ஒழித்தவர் குஸ்தாவ் டி லாவல்.

1845இல் சுவீடனின் ஓர்சா என்னும் ஊரில் பிறந்தார். முன்னோர் பிரான்சிலிருந்து குடியேறியவர்கள். ஸ்டாக்ஹோமில் பொறியியல் பயின்று, 1872இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஓர் இரும்பு ஆலையில் வேலை. மாட்டுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை!

ஜெர்மானியர் வில்ஹெல்ம் லெஃபெல்ட் பாலைச் சுழற்றி ஏட்டைப் பிரிக்கிறார் என்ற செய்தி 1877இல் அவர் கண்ணில் பட்டது. ஆனால் அந்த இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் நிறுத்தித்தான் ஏட்டை எடுக்க முடியும். நிறுத்தாமலே எடுக்க வழி தேடினார் டி லாவல். பாத்திரம் வேகமாகச் சுழலும்போது கனமான பால் வெளிப்புறச் சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. இலேசான ஏடு நடுவில் சேர்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வாய் வைத்துவிட்டால், ஒருபுறம் பால் ஊற்ற ஊற்ற மறுபுறம் இரண்டும் வந்துகொண்டே இருக்கும் அல்லவா? 1878இல் அவருடைய கருவி மணிக்கு 130 லிட்டர் பாலைப் பிரித்தது. ஆஸ்கர் லாம் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். 1883இல் அது செப்பரேட்டர் என்ற நிறுவனமாயிற்று. கையால் சுற்றும் சிறு கருவிகளும் பிறகு வந்தன. அவற்றில் சிலவற்றின் கைப்பிடியில் ஒரு மணி இருக்கும். சுற்றும் வேகம் போதாவிட்டால் அது ஒலிக்கும்.

இவ்வளவு வேகத்திற்கு ஏற்ற இயந்திரம் வேண்டுமே! அந்தத் தேடலே அவரை நீராவிச் சுழலிக்கு இட்டுச் சென்றது. நடுவில் குறுகி, பின் விரியும் குழாய் வழியே நீராவியைப் பாய்ச்சினார். சக்கரம் நிமிடத்திற்கு 30,000 முறை சுழன்றது. அந்த வேகத்தில் தடித்த அச்சும் அதிர்ந்து முறியும். எல்லாரும் அச்சை மேலும் தடிமனாக்கியிருப்பார்கள். இவரோ மெல்லியதாக, வளையும்படி செய்தார். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அது தானே நிலைகொண்டது. என் கணிப்பில், பால் கருவியைவிடவும் துணிச்சலான சிந்தனை இதுதான். விரியும் அந்தக் குழாயின் வடிவத்தை இன்றைய ராக்கெட்டுகளின் அடியில் காணலாம்.

பணம் மட்டும் அவரிடம் தங்கவில்லை. பால் கருவி ஈட்டித் தந்ததையெல்லாம் மின்விளக்கு, உலோக உருக்கு எனப் புதுப்புது முயற்சிகளில் கொட்டினார். 92 காப்புரிமைகளும் 37 நிறுவனங்களும் அவர் கணக்கில் சேர்ந்தன. பல நிறுவனங்கள் நிலைக்கவில்லை. 1913இல் ஸ்டாக்ஹோமில் இறந்தபோது பெரும் செல்வம் ஏதும் மிஞ்சவில்லை.

பல ஆண்டுகள் அவர் போராடிய பால் கறக்கும் இயந்திரம் 1918இல்தான் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியே விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனம் இன்று ஆல்ஃபா லாவல் என்ற பெயரில் இயங்குகிறது.