முத்துலட்சுமி ரெட்டி

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் அவ்வை இல்லத்தையும் நிறுவியவர். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண் உறுப்பினர். 1956 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்ம பூஷண் விருதைப் பெற்றார்.

இவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் "முதல் பெண்" என்று தொடங்கும் சிறப்புகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இவர் மிக நீண்ட காலம் உழைத்தது புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனையை அமைப்பதற்காகவே. அந்த எண்ணம் தோன்றியதற்கும் மருத்துவமனை திறக்கப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தன.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நாராயணசாமி ஐயர், சந்திரம்மாள் இணையருக்கு மகளாகப் பிறந்தார். தந்தை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் இசை வேளாளர் மரபைச் சேர்ந்தவர். பருவமெய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்லும் வழக்கம் அப்போது இல்லாததால், ஒரு கட்டத்துக்குப் பின்னர் வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் சேர முடிந்தது. மூடு வண்டியில் கல்லூரிக்குச் சென்று, வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார்.

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் தம் வகுப்பில் பெண்களை முதலில் அனுமதிக்கவில்லை. பின்னர் அதே அறுவை மருத்துவப் பாடத்தில் இவர் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றார். 1912 ஆம் ஆண்டு பல பதக்கங்களுடன் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார்.

1914 ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை 1872 ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையுடனேயே திருமணத்துக்கு இசைந்தார். இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள்.

தங்கையின் மரணம்

1920களின் தொடக்கத்தில் இவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்தார். நோய் முதலில் சீதபேதி எனத் தவறாகக் கருதப்பட்டது. அதற்கான மருந்துகள் கொடுக்கப்பட்டு வந்த காலத்திலேயே நோய் முற்றிவிட்டது. உண்மையான காரணம் தெரியவந்தபோது செய்வதற்கு அதிகம் எஞ்சியிருக்கவில்லை. நோயாளியின் அக்காள் மருத்துவர், அக்காளின் கணவரும் மருத்துவர். மருத்துவர் குடும்பத்திலேயே இந்நிலை என்றால், படிப்போ வசதியோ இல்லாத பெண்களின் நிலை எத்தகையது என்ற கேள்வி இவரை விட்டு நீங்கவில்லை.

1925 ஆம் ஆண்டு அரசு உதவித்தொகை பெற்று மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் செல்சீ மகளிர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அங்கிருந்த ராயல் புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளையும் கண்டறிந்தார். ஒரே நோய்க்கென ஒரு மருத்துவமனை, அதில் அறுவையும் கதிர் மருத்துவமும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும் முறை ஆகியவை இவர் மனத்தில் பதிந்தன. 1926 ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

அக்காலத்தில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை

இவர் மருத்துவம் பயின்ற காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு உலகெங்கும் பின்பற்றப்பட்ட முறை, அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முழு மார்பக நீக்கம் ஆகும். 1894 ஆம் ஆண்டு அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். இதில் மார்பகம், அதன் தோல், முலைக்காம்பு, அடியில் உள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தும் ஒன்றாக அகற்றப்படும். உயிர் பிழைத்த பெண்களுக்கு விலா எலும்பின் மேல் ஒட்டிய தோலும் நீண்ட தழும்புமே எஞ்சின. பலருக்குக் கை வீங்கியது. தோளை உயர்த்துவது கடினமாயிற்று.

இவர் இலண்டனில் இருந்த அதே ஆண்டுகளில், அந்நகரின் செயின்ட் பர்த்தலோமியு மருத்துவமனையில் ஜெப்ரி கீன்ஸ் என்ற அறுவை மருத்துவர் ரேடிய ஊசிகளைப் பயன்படுத்தி, மார்பகத்தை முழுமையாக நீக்காமலேயே சிகிச்சை அளிக்க முயன்று கொண்டிருந்தார். அம்முயற்சியை அன்று பெரும்பாலோர் ஏற்கவில்லை. குறைந்த அளவு அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தால் போதுமான பலன் கிடைக்கும் என்பது 1980களில்தான் பெரிய ஆய்வுகளால் உறுதியாயிற்று.

இழந்த மார்பகத்தை மீண்டும் உருவாக்குவது பற்றி அன்றைய மருத்துவம் அதிகம் சிந்திக்கவில்லை. நோய் மீண்டும் வந்தால் அது மறைந்துவிடும் என்ற அச்சத்தால் பல மருத்துவர்கள் அதை எதிர்க்கவும் செய்தனர். பெண்கள் துணியையோ பஞ்சையோ ரவிக்கைக்குள் வைத்துச் சமாளித்தனர். நம் ஊர்ப் பெண்களுக்கு இதற்கும் முன்னதாகவே ஒரு தடை இருந்தது. மார்பில் கட்டி இருப்பதைக் கணவரிடமோ ஆண் மருத்துவரிடமோ சொல்வதே இழிவாகக் கருதப்பட்டது. எனவே பலர் கட்டி புண்ணாகி வெடித்த பின்னரே மருத்துவரிடம் வந்தனர். பெண் மருத்துவர்களின் தேவையை இவர் தொடர்ந்து வலியுறுத்தியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டமன்றப் பணிகள்

1927 ஆம் ஆண்டு சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்பு, குழந்தைத் திருமணத் தடை, விபசார ஒழிப்பு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்காக வாதாடினார். தேவதாசி ஒழிப்புக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் துணை நின்றார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள் எதிர்த்தனர். இறுதியாக 1947 ஆம் ஆண்டுதான் இதற்கான முழுமையான சட்டம் நிறைவேறியது.

1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து மேலவைப் பதவியைத் துறந்தார். அதே காலத்தில், தேவதாசி மரபிலிருந்து வெளியேறிய சிறுமிகள் இவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்ததால் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். அதுவே பின்னர் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

புற்றுநோய் மருத்துவமனை

1935 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றியபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை வெளிப்படையாக முன்வைத்தார். அப்போது சென்னையில் சிகிச்சையே கிடையாது என்று சொல்ல முடியாது. அரசு பொது மருத்துவமனையில் பெர்னார்டு கதிரியக்க நிலையம் 1934 ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. ஆனால் நோயறிதல், அறுவை, கதிர் மருத்துவம், தொடர் கண்காணிப்பு ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் தரும் நிலையம் இல்லை. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 ஆம் ஆண்டும், கல்கத்தாவில் சித்தரஞ்சன் மருத்துவமனை 1950 ஆம் ஆண்டும் தொடங்கப்பட்டன. தென்னகத்தில் அதுபோன்ற ஒன்று அமையவில்லை.

அரசிடம் உதவி கேட்டபோது கிடைத்த பதில் ஊக்கமளிப்பதாக இல்லை. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கப் போகிறவர்கள், அவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்ற வகையில் ஓர் அமைச்சரே கூறியதாக இம்மருத்துவமனையின் மூத்த மருத்துவர்கள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளனர். அந்த எண்ணம் அமைச்சர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நோயின் பெயரையே வீட்டில் உச்சரிக்காத காலம் அது.

1949 ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினர். 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று அடையாறு காந்தி நகரில் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் இருந்தவை சில கொட்டகைகளும் 12 படுக்கைகளும் மட்டுமே. அப்போது முத்துலட்சுமிக்கு 67 வயது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புற்றுநோய் மருத்துவம் பயின்ற இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955 ஆம் ஆண்டு மருத்துவர் வி. சாந்தா, அரசு மருத்துவமனைப் பணி வாய்ப்பை விட்டுவிட்டு இங்கு சேர்ந்தார். 1957 ஆம் ஆண்டு கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வரவழைக்கப்பட்டது. நாட்டில் நிறுவப்பட்ட அத்தகைய முதற்கருவிகளுள் இதுவும் ஒன்று. முற்றிய கட்டிகளை மருந்தாலும் கதிர்வீச்சாலும் முதலில் சுருக்கி, பின்னர் அறுவை செய்யும் கூட்டு சிகிச்சை முறையை இம்மருத்துவமனை பின்னாளில் மார்பகப் புற்றுநோய்க்கும் விரிவுபடுத்தியது. தாமதமாக வரும் பெண்களே மிகுதியாக இருந்த நாட்டில் இம்முறை பெரிதும் பயன்பட்டது.

தொலைவும் தாமதமும்

மருத்துவமனை சென்னையில் அமைந்தாலும் நோயாளிகள் பலர் தொலைவிலிருந்தே வந்தனர். எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் சமவெளியிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. கதிர் மருத்துவம் பல வாரங்கள் தொடர்ந்து எடுக்க வேண்டிய சிகிச்சை. வயல் வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஒரு பெண் அத்தனை நாள் தங்குவது எளிதன்று. அந்தத் திண்டுக்கல் பகுதியில், சின்னாளப்பட்டிக்கு அருகே, 1947 ஆம் ஆண்டு மற்றொரு பெண் மருத்துவரான சௌந்தரம் தம் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் காந்திகிராமத்தைத் தொடங்கியிருந்தார். அங்கு சிறிய அளவில் தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனை கிராமப் பெண்களின் மகப்பேற்றில் கவனம் செலுத்தியது. சௌந்தரம் 1962 ஆம் ஆண்டு திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். நகரத்தில் தனிச் சிறப்பு மருத்துவமனை, கிராமத்தில் பெண்கள் தயக்கமின்றி நுழையக்கூடிய மருத்துவமனை ஆகிய இரண்டும் இருந்தால்தான் கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறிய முடியும்.

மறைவும் பின்னரும்

முத்துலட்சுமி 1968 ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று சென்னையில் காலமானார். 1964 ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. 2019 ஆம் ஆண்டு இவருடைய பிறந்தநாளில் கூகுள் நிறுவனம் தன் முகப்பில் இவர் படத்தை வெளியிட்டது. இவருக்குப் பின்னர் மருத்துவமனையை வளர்த்த கிருஷ்ணமூர்த்தி 2010 ஆம் ஆண்டும், சாந்தா 2021 ஆம் ஆண்டும் மறைந்தனர்.

நோயாளியை உயிருடன் வீட்டுக்கு அனுப்புவதே இவர் காலத்துப் போராட்டம். அதன் பின்னர் அப்பெண் தன் உடலோடு எப்படி வாழ்கிறாள் என்பது அடுத்த தலைமுறை எழுப்பிய கேள்வி. 1962 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிலிக்கோன் பொதியும், பின்னர் முதுகு அல்லது வயிற்றுத் தசையைக் கொண்டு மார்பகம் அமைக்கும் முறைகளும் வந்தன. முலைக்காம்பு அமைப்பது பெரும்பாலும் இதன் கடைசிக் கட்டம். மார்பகம் ஆறி நிலைபெற்ற சில மாதங்களுக்குப் பின்னர், அங்குள்ள தோலையே சிறு மடலாக வெட்டி, மடித்துத் தைத்து முனை உருவாக்கப்படுகிறது. சுற்றியுள்ள கருவட்டத்துக்குப் பச்சை குத்துவதன் மூலம் நிறம் ஏற்றப்படுகிறது. அந்த முனைக்கு இயல்பான உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை, காலப்போக்கில் அது ஓரளவு தட்டையாகிவிடுவதும் உண்டு. இருந்தும் கண்ணாடியில் பார்க்கும்போது சிகிச்சை முடிந்துவிட்டதாக உணரும் பெண்கள் உள்ளனர். இன்னோர் அறுவை வேண்டாம் என்று பச்சை குத்துவதோடு நிறுத்திக்கொள்பவர்களும், எதுவும் தேவையில்லை என்று தழும்போடு இருப்பவர்களும் உள்ளனர்.

2018 ஆம் ஆண்டு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்பு அறுவையை இலவசமாகச் செய்வதாக அறிவித்தபோது, அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்ற விவாதம் எழுந்தது. எப்படியும் இறப்பவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்று முத்துலட்சுமியிடம் கேட்கப்பட்டு அப்போது அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.