மாறாததைத் தேடிய மேதை: சோபஸ் லீ

பட்டம் பெற்ற பிறகும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்ற ஒருவர், பின்னாளில் கணிதத்தில் தனித் துறையையே உருவாக்கினார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் நார்வே நாட்டவரான சோபஸ் லீ.

1842 டிசம்பர் 17ஆம் நாள் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இராணுவத்தில் சேர ஆசைப்பட்டார். கண்பார்வைக் குறை தடையானது. 1865இல் பட்டம் பெற்றபோதுகூட அவருக்குக் கணிதத்தில் தனி நாட்டமில்லை. 1868இல் வடிவியல் நூல்கள் சிலவற்றைப் படித்த பின்னரே தம் வழியைக் கண்டுகொண்டார்.

1869இல் பெர்லினில் ஃபீலிக்ஸ் கிளைன் நண்பரானார். மறு ஆண்டு இருவரும் பாரிசுக்குச் சென்றனர். அங்கிருந்தபோது பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கிளைன் நாடு திரும்ப, லீ இத்தாலியை நோக்கி நடந்தே புறப்பட்டார். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அவரை ஜெர்மானிய ஒற்றன் எனக் கைது செய்தனர். பையிலிருந்த கணிதக் குறிப்புகள் இரகசியக் குறியீடுகளாகத் தெரிந்தனவாம்! ஒரு மாதச் சிறைவாசத்திற்குப் பின், கணித அறிஞர் டார்பு தலையிட்டு மீட்டார்.

அப்படி அவர் தேடியதுதான் என்ன? வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க நாம் பல உத்திகளைத் தனித்தனியே மனனம் செய்கிறோம். அவற்றுள் பலவற்றுக்கும் அடிப்படை ஒன்றே என்று லீ கண்டார். ஒரு வளைவின் சரிவு y/x என்னும் விகிதத்தை மட்டுமே சார்ந்திருப்பதாகக் கொள்வோம். x, y இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் அச்சமன்பாடு மாறாது. எனவே, அந்த விகிதத்தையே புதிய மாறியாகக் கொண்டால் தீர்வு எளிதாகிறது. மாற்றத்திலும் மாறாத இப்பண்பே சமச்சீர். இத்தகைய மாற்றங்களின் தொகுப்புகள் இன்று 'லீ குலங்கள்' எனப்படுகின்றன.

1886இல் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஏங்கல் என்பவரின் துணையோடு 1888 முதல் 1893 வரை மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார். இடையே மனநோய் அவரை வாட்டியது. மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் கிளைனையே வெளிப்படையாகச் சாடினார். ஆயினும், 1897இல் லீக்கு லோபச்சேவ்ஸ்கி பரிசு கிடைக்கக் காரணமான மதிப்பீட்டு அறிக்கையை எழுதியவர் அதே கிளைன்தான்! 1898இல் தாயகம் திரும்பிய லீ, 1899 பிப்ரவரி 18இல் தமது 56ஆம் வயதில் காலமானார்.

லீயின் சிந்தனை இன்று கணினிப் படங்களிலும் வாழ்கிறது. படத்திலுள்ள புள்ளி இரைச்சலைக் குறைக்க, ஒளியளவை வெப்பம்போல் பரவவிடும் சமன்பாடு பயன்படுகிறது. படத்தைச் சுழற்றிவிட்டு மென்மையாக்கினாலும், மென்மையாக்கிவிட்டுச் சுழற்றினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும். எந்தெந்த மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று முதலில் விதித்துவிட்டு, அதற்கேற்ற சமன்பாடுகளைத் தேடும் ஆய்வுகள் 1993இல் வெளிவந்தன. லீ மறைந்து அப்போது 94 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நண்பர்களே, சூத்திரங்களை மனனம் செய்வதோடு நின்றுவிடாமல், அவற்றை இணைக்கும் இழையையும் தேடுவோம். வழி தாமதமாகத் தெரிந்தால் தளர வேண்டாம். லீக்கும் அப்படித்தான் தெரிந்தது.