ரயில்வேயில் ஒரு வேட்டைக்காரர்

குமாவுன் மலைநாட்டில் மனிதரைத் தின்று பழகிய புலிகளை வீழ்த்தியவர் என்று ஜிம் கார்பெட்டை நம் பிள்ளைகளும் அறிவர். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் உழைத்தவர் என்பதைப் பலர் அறியார். சரக்கு மூட்டைகளின் கணக்கை எழுதிப் பிழைப்பவனாகிய எனக்கு அவர்பால் ஈடுபாடு உண்டானது அவ்வழியேதான். எனினும், அவர் சிறு வயதில் குறி பார்க்கக் கற்ற விதத்தையே இங்குச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

1875 ஜூலை 25ஆம் நாள் நைனிதாலில் அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் போஸ்ட்மாஸ்டர், 1881இல் காலமானார். பெரிய குடும்பம், வருவாயோ குறைவு. குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு இறங்கிவந்து தங்குவர். அங்குக் காடு வீட்டு வாயிலிலேயே தொடங்கிற்று. நிமோனியாக் காய்ச்சலில் கிடந்து எழுந்த சிறுவனுக்குத் தமையன் டாம் ஒரு கவட்டை கொடுத்தான். குமாவுன் பறவைகளைப் பற்றி நூல் எழுத முனைந்த உறவினர் ஒருவருக்கு அக்கவட்டையால் பறவைகளைச் சேகரித்துக் கொடுத்ததே அவர் பெற்ற முதற் பயிற்சி.

அடுத்து வாய்த்தது வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. வலக்குழல் வெடித்துப் பிளந்திருந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு குழலே பயன்படும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டிப்பதற்குள் பறவை பறந்துவிடும். மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஆகவே, சுடுவதற்கு முன் ஓசையின்றி நெருங்கிச் செல்லும் வித்தையைச் சிறுவன் கற்றான். காட்டின் ஒலிகளையும் தடங்களையும் அவனுக்குக் கற்பித்தவர், குன்வர் சிங் என்னும் கிராமத்து வேட்டைக்காரர்.

பத்து வயதளவில் பள்ளிப் படைப்பயிற்சியில் சேர்ந்தபோது .450 மார்ட்டினி ரைபிள் ஒன்று இரவலாகக் கிடைத்தது. சுட்டால் தோளில் பலமாக உதைக்கும் ஆயுதம் அது. சிதறும் ரவை பிழையைச் சிறிது மன்னிக்கும். தனித்த குண்டு மன்னிக்காது. அவ்வளவு பருத்த குண்டு காட்டுக்கோழியின் உடலில் பட்டால் சமையலுக்கு ஒன்றும் எஞ்சாது. (மயிலையும் அவர் சுட்டிருக்கிறார், முருகன் அடியார்களாகிய நமக்கு அது கேட்க இனியதன்று.) எனவே உரிய இடத்தில் குண்டு பட வேண்டும்; இயலாதெனில் சுடாது விட வேண்டும். அவர் சுட்ட பறவை கறிக்கு உதவாமற் போனது மிக அரிது. முதற் சிறுத்தையையும் அவர் இந்த ரைபிளினாலேயே வீழ்த்தினார்.

பதினெட்டு வயதளவில் வங்காள வடமேற்கு ரயில்வேயில் மாதம் 100 ரூபாய்ச் சம்பளத்தில் எரிபொருள் இன்ஸ்பெக்டரானார். என்ஜின்களுக்கு விறகு வெட்டுவிப்பது வேலை. பிறகு கங்கைக்கரையில், மொகாமா காட் என்னும் துறையில், அகலப்பாதை வண்டிச் சரக்கை இறக்கி மீட்டர் பாதைக்கு அனுப்பும் டிரான்ஷிப்மெண்ட் ஒப்பந்தத்தை ஏற்றார். தொடக்கத்தில் கூலி கொடுக்கப் பணமில்லை. ஆட்கள் பட்டினியோடும் உழைத்தனர். பின்னர் ஆதாயத்தை அவர்களோடு பகிர்ந்துகொண்டதும், ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணோடு சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் புலிவேட்டைக்குக் குறைந்த செயல்கள் அல்ல என்பது என் எண்ணம்.

ரயில்வேயில் இருந்தபோது, விடுமுறை பெற்று மலைக்குச் சென்ற காலங்களில் அவர் ஆட்கொல்லிகளைத் தேடினார். 1907இல் அவர் எதிர்த்த சம்பாவத்துப் பெண்புலி 436 பேரைக் கொன்றது. அன்று கையில் மூன்றே தோட்டாக்கள். முதற்குண்டு மயிரிழையில் தவறிற்று! மற்ற இரண்டும் பட்டும் புலி வீழாமையால், ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிவர நேர்ந்தது. புலி இறந்தபின் பார்த்தால், அதன் வலப்புறத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழுமாக உடைந்திருந்தன. எவரோ எப்போதோ சுட்ட குண்டின் பழுது அது. இயற்கையான இரையைப் பிடிக்க மாட்டாமல் அது மனிதரைத் தின்னத் தொடங்கிற்று. குறி தப்பினால் வேட்டைக்காரனுக்கு ஒரு தோட்டாதான் நட்டம். அரைகுறையாகப் பட்ட குண்டுக்கோ எத்தனையோ குடும்பங்கள் விலை கொடுத்தன.

1926 மே மாதத்தில், 125 பேரை மாய்த்த ருத்ரபிரயாகைச் சிறுத்தையை, மாமரத்தில் காத்திருந்து, ரைபிளில் பொருத்திய டார்ச் விளக்கின் நொடிநேர ஒளியில் ஒரே குண்டால் முடித்தார்.

பொழுதுபோக்காகவும் அவர் புலி சுட்டதுண்டு. அதனை மறைப்பதில் பயனில்லை. பிற்காலத்தில் காமிராவைக் கையிலெடுத்தார். காடுகளைக் காக்கப் பேசினார். 1936இல் அமைந்த தேசியப் பூங்காவுக்கு 1957இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டைக்கே இடமில்லை.

மணம் புரியாத கார்பெட், 1947இல் தமக்கை மேகியுடன் கென்யா சென்று நியேரியில் வாழ்ந்தார். 1955 ஏப்ரல் 19ஆம் நாள் அங்கேயே மறைந்தார். 1959இல் மொகாமாவுக்கு அருகே கங்கையின் மீது ராஜேந்திர பாலம் திறக்கப்பட்டது. வண்டிகள் ஆற்றைக் கடந்து ஓடலாயின. அவரும் அவர் ஆட்களும் மூட்டை சுமந்த துறைக்கு வேலை இல்லாமற் போயிற்று.