படங்களால் பாடம் தந்த பெருந்தகை

ஒரு நாள் முதல் வகுப்பு ஆசிரியை விடுப்பில் இருந்தமையால், அவ்வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி எங்களில் இருவரைத் தலைமையாசிரியைச் சகோதரி அனுப்பி வைத்தார்கள். கதை சொன்னோம், கேட்பாரில்லை. அதட்டினோம், அழுகைதான் எழுந்தது. இறுதியில் அலமாரியிலிருந்த படப்புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தோம். அணிலின் படத்தைக் கண்டதுதான் தாமதம், அத்தனை பிஞ்சுகளும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். மணியடிக்கும் வரை ஓசையே இல்லை!

சிறுவர் கையில் படப்புத்தகம் இருப்பது இன்று நமக்கு வியப்பன்று. ஆனால் ஒரு காலத்தில் பாடம் என்றால் பொருள் விளங்காத சொற்களை மனப்பாடம் செய்வது. மறந்தால் பிரம்படி படுவது. அந்த நிலையை மாற்ற வாழ்நாளெல்லாம் பாடுபட்ட பெரியார் ஜான் அமோஸ் கொமேனியஸ். அவர்தம் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இன்று செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் 1592ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அவர் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் தாய் தந்தையரை இழந்தார். இலத்தீன் பள்ளியில் சேரும்போது அவருக்கு வயது பதினாறு! தம்மினும் இளைய சிறுவர்களோடு அமர்ந்து, பொருளறியாமல் இலக்கண விதிகளை உருப்போட நேர்ந்தது. அன்று பட்ட துன்பத்தை அவர் மறக்கவேயில்லை. பின்னர் ஜெர்மனியில் உயர்கல்வி கற்று, 1616இல் சகோதரர் ஐக்கியம் என்ற சீர்திருத்தச் சபையில் குருவானார். ஃபுல்னெக் என்னும் ஊரில் பள்ளிப் பொறுப்பையும் சபைப் பொறுப்பையும் ஏற்றார்.

அவ்வேளையில் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1621இல் ஃபுல்னெக் படைவீரர்களால் சூறையாடப்பட்டது. கொமேனியஸ் ஓடி ஒளிய நேர்ந்தது. அவருடைய நூல்களும் அழிந்தன. மறு ஆண்டே கொள்ளைநோய் அவர் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டுபோயிற்று. 1628இல் தாய்நாட்டைவிட்டே வெளியேறிப் போலந்து நாட்டின் லெஷ்னோ நகரில் குடியேறினார். மீண்டும் அவர் தாய்மண்ணில் வாழவேயில்லை.

அவரையும் அவர் சபையாரையும் நாட்டைவிட்டு விரட்டியவர் ஒரு கத்தோலிக்கப் பேரரசர். இதனை எழுதும்போது எங்கள் பேனா சற்றுத் தயங்கியது. ஆயினும் உண்மையை மறைப்பது அழகன்று என எண்ணினோம். பிரிந்து நிற்கும் கிறிஸ்தவரையும் சகோதரராகவே மதிக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால், கொமேனியஸ் நமக்கு அயலார் அல்லர்.

நாடிழந்தவர் நம்பிக்கை இழக்கவில்லை. லெஷ்னோவில் ஆசிரியராகப் பணியாற்றியவாறே, 1631இல் இலத்தீன் கற்பதற்கு ஒரு புதுவகை நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 8000 சொற்களை 1000 வாக்கியங்களில் அடக்கிய அந்நூல் அவர் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பிற்று. இங்கிலாந்தும் சுவீடனும் அவரை அழைத்தன. ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் கற்க வேண்டும். ஆண்களைப் போலவே பெண்களும் கற்க வேண்டும் என்று அவர் வாதாடினார். பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் இதற்காகவேனும் அவரை நினைக்க வேண்டாமா?

1650இல் ஹங்கேரி நாட்டுப் பள்ளி ஒன்றைச் சீர்திருத்த அவரை அழைத்தார்கள். அங்கே தம் பழைய நூல் இளஞ்சிறாருக்குக் கடினமாயிருப்பதை நேரில் கண்டார். பிறர் மெச்சிய நூல்தானே என்று வாளாவிருந்தாரா? இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. சுரைக்காயைக் காணாத பிள்ளைக்குச் சுரைக்காய் என்ற சொல்லால் பயன் என்ன? கண்ணும் காதும் முதலில் கற்கட்டும், நா பின்னர் கற்கட்டும் என்பது அவர் துணிபு. எனவே உலகத்தையே படங்களாக்கிக் காட்டும் நூல் ஒன்றைத் தீட்டினார். படங்களைச் செதுக்க அங்கே தக்க கலைஞர் இல்லாமையால் அந்நூல் வெளிவரக் காலந்தாழ்ந்தது.

இதற்கிடையே அவர் லெஷ்னோவுக்குத் திரும்பினார். 1656இல் போரில் அந்நகரம் தீக்கிரையாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் தொகுத்து வந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப்படியும் சாம்பலாயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. வேறொருவராயின் மனமுடைந்து போயிருப்பார். அவரோ ஆம்ஸ்டர்டாம் நகரில் அடைக்கலம் புகுந்து, மீண்டும் எழுதுகோலை எடுத்தார்.

1658இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் அப்படநூல் அச்சேறியது. அதன் பெயர் ‘ஓர்பிஸ் பிக்டஸ்’, அதாவது படங்களில் உலகம். அதில் 150 பாடங்கள். தொடக்கத்தில் காகம் கரைவது, ஆடு கத்துவது போன்ற ஒலிகளால் எழுத்துகள் அறிமுகமாகின்றன. பின்னர் கடவுள், வானம், நெருப்பு, பறவைகள், தேனீக்கள், தச்சர், தையற்காரர், பள்ளிக்கூடம் எனப் படங்கள் விரிகின்றன. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கீழே இலத்தீனிலும் ஜெர்மனிலும் அமைந்த வாக்கியத்தில் அதே எண். சொல்லையும் பொருளையும் குழந்தையே இணைத்துக்கொள்ளலாம்! மறு ஆண்டே ஆங்கிலப் பதிப்பு வந்தது. பெருங்கவிஞர் கெதேவும் சிறுவயதில் அதைப் படித்து மகிழ்ந்தவரே.

ஆசிரியர்களுக்கும் அவர் வழி கூறினார். பள்ளிக்கு அனுப்பும் முன்பே இந்நூலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து விருப்பம்போல் பார்க்க விடவேண்டும். படங்களைத் தாமே வரைந்து பழகச் செய்யவேண்டும். இயன்ற இடத்திலெல்லாம் உண்மைப் பொருளையே காட்டவேண்டும் என்றார்.

1670ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அவர் மறைந்தார். ஹாலந்தில் நார்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். இன்றும் செக் நாட்டில் அவர் பிறந்த நாளே ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவற்றையெல்லாம் படித்த பின், முதல் வகுப்பில் கழித்த அந்த நாள் எங்கள் நினைவுக்கு வந்தது. படத்தில் இருந்த அணிலைக் காட்டி மகிழ்ந்தோம். சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் உண்மையான அணில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்ட எங்களுக்குத் தோன்றவில்லையே! அதைப் பார்த்துவிட்டுச் சிலேட்டில் வரையச் சொல்லியிருந்தால், கொமேனியஸ் விரும்பிய பாடம் அதுவாக அன்றோ இருந்திருக்கும்?

அன்புத் தோழியரே! நம்மில் சிலர் நாளை ஆசிரியைகளாவோம், பலர் தாய்மாராவோம். தம் குழந்தைகளையும் நூல்களையும் இழந்த ஒருவர் உலகக் குழந்தைகளுக்கு மகிழ்ச்சியைத் தந்தார். இல்லத்தில் தம்பி தங்கையர் படப்புத்தகத்தோடு வந்து நிற்கும்போது, படிக்கிற நேரம் என்று விரட்டாமல் சிறிது நேரம் உடன் அமர்வோம். அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.

பத்தாம் வகுப்பு மாணவி