சாலையும் கிணறும் கேட்ட இரட்டைமலை சீனிவாசன்

தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே இருக்கிறது வில்லூண்டி தீர்த்தம். சுற்றிலும் உப்புநீர், கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். தீவில் வாழும் நமக்கு நல்ல தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தின் பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றில் வாளி இறக்க முடியாது. பொதுத் தெருவில் நடக்க முடியாது. அந்த உரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்கியவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள கோழியாளத்தில் 1860-ல் பிறந்தவர் அவர். கோயம்புத்தூரில் படித்த காலத்தில், தன் சாதி தெரிந்தால் மற்ற மாணவர்கள் இழிவாக நடத்துவார்களோ என்று அஞ்சினார். மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து படிப்பார். அடித்ததும் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரோடும் பேசாமல் வீட்டுக்கு விரைவார். பிற்காலத்தில் தன் வரலாற்றை எழுதியபோது இதை அவர் மறைக்கவில்லை.

அப்படி ஒளிந்து படித்த மாணவர்தான் 1893-ல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி மற்றவர்கள் இழிவுபடுத்தினார்களோ, அந்தப் பெயரைத் தலைப்பில் அச்சிட்டு, அதன் மூலமே உரிமை கேட்டார். அந்தப் பத்திரிகை ஏழு ஆண்டுகள் நடந்தது. பிறகு கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 1921-ல் ஊர் திரும்பினார். 1923-ல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

1924-ல் அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம் எளிமையானது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை மற்றவர்களைப் போலவே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம்; யாரும் தடுக்கக் கூடாது. தீர்மானம் நிறைவேறியது. அரசும் ஆணை பிறப்பித்தது.

ஆணை வந்தவுடன் வழி திறந்துவிடுமா? அதே காலத்து அமெரிக்காவைப் பார்த்தால் விடை தெரியும். அங்கே அது ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்த காலம். தென் மாநிலப் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் சிகாகோ, நியூயார்க் போன்ற நகரங்களுக்குப் போனார்கள். அவர்கள் வளர்த்த இசைக்கு நாடே ஆடியது. ஆனால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில், மேடையில் வாசித்தவர்கள் கறுப்பினத்தார். கீழே உட்கார்ந்து கேட்டவர்கள் வெள்ளையர்கள். கறுப்பின மக்களுக்கு 1870-லேயே அரசியல் சட்டம் வாக்குரிமை தந்திருந்தது. ஆனாலும் தென் மாநிலங்கள் வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று சொல்லி அவர்களை வாக்குச் சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தின.

இங்கேயும் அதுதான் நடந்தது. ஆணை வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலேயே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் அணியக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

தெருவில் நடக்கலாம் என்று ஆணை சொன்னது. நடந்தவரை அடித்தால் என்ன தண்டனை? அடிக்காமல், வேலையும் கூலியும் தராமல் பட்டினி போட்டால் என்ன செய்வது? அந்த நாட்களில் சீனிவாசனும் அம்பேத்கரும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில் சம உரிமையை மட்டும் கேட்கவில்லை. அந்த உரிமையைத் தடுப்பதும், ஊர்விலக்கம் செய்வதும் குற்றம், அதற்குத் தண்டனை வேண்டும் என்று கேட்டார்கள். கோயம்புத்தூரில் சாதி தெரிந்துவிடுமோ என்று ஓடிய பையன், எழுபது வயதில் லண்டனில் தன் மக்களின் பெயரால் உட்கார்ந்திருந்தார்.

1945 செப்டம்பர் 18-ல் அவர் மறைந்தார். சுதந்திர இந்தியாவின் சட்டப் புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அரசியலமைப்பின் 15-வது பிரிவை நம் மாணவர்கள் எடுத்துப் படிக்கட்டும். கிணறு, குளம், சாலை என்று அவர் 1924-ல் அடுக்கிய அதே சொற்கள் அங்கே இருக்கும். அடுத்து 17-வது பிரிவு: தீண்டாமை தண்டனைக்குரிய குற்றம். தண்டனை விவரம் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இருக்கிறது.

படித்த பிள்ளைகள் இதை வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம் ஊரில் யாரையாவது வழியிலோ தண்ணீர்க் குழாயிலோ தடுத்தால், எந்தச் சட்டத்தைச் சொல்லிப் புகார் எழுதுவது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.