மங்காவுக்குப் பெயர் தந்த முதியவர்: ஹொகுசாய் காட்டும் வழி

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் சித்திரம் பழகும் பிள்ளைகளின் கொப்பிகளை விரித்துப் பார்த்தால், பெரிய விழிகளும் கூரிய மோவாயும் கொண்ட ஜப்பானிய 'மங்கா' முகங்களை இன்று காணலாம். அதில் தவறேதுமில்லை. ஆனால் இக்கலையைப் பழகுவதற்கு எந்த நூலை வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வி பெற்றோருக்கு எழுகின்றது. வண்ணப் படங்கள் நிறைந்த நூல்கள் விலை கூடியவை. வாங்கிய நூல் பயன்படாது போனால் பணம் மட்டுமல்ல, பிள்ளையின் ஆர்வமும் வீணாகிவிடும். இதற்கு விடை தேடுவோர், 'மங்கா' என்ற சொல்லை உலகறியச் செய்த கட்சுஷிகா ஹொகுசாயின் வாழ்வை அறிந்துகொள்வது நல்லது.

ஹொகுசாய் 1760ஆம் ஆண்டில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் பிறந்தார். சிறுவயதில் நூல்களை வாடகைக்கு விடும் கடையொன்றில் வேலை செய்தார். பின்னர் அச்சுக்கான மரப்பலகைகளைச் செதுக்கும் தொழிலைப் பழகினார். பதினெட்டு வயதளவில் கட்சுகவா ஷுன்ஷோ என்ற ஓவிய ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்து, நாடக நடிகர்களின் உருவங்களை வரைந்தார். ஆசிரியர் மறைந்த பின் அக்கூடத்தை விட்டு வெளியேறினார். ஒரே மரபுக்குள் அடங்கியிருக்க அவர் மனம் இடங்கொடுக்கவில்லை.

அக்காலத்தில் ஜப்பானுடன் வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஐரோப்பியர் ஒல்லாந்தர் மட்டுமே. 1795ஆம் ஆண்டில் பிரித்தானியர் கைப்பற்றும் வரை நமது பிரெட்ரிக் கோட்டையில் இருந்தவர்களும் அவர்களே. அவர்களுடைய கப்பல்கள் நாகசாகித் துறைமுகத்துக்குக் கொண்டுசென்ற படங்களின் வழியாக, தூரத்திலுள்ள பொருளைச் சிறிதாகக் காட்டும் மேல்நாட்டு முறை ஜப்பானிய ஓவியரிடையே பரவியது. ஹொகுசாயும் அதனைப் பயின்று தம் நாட்டு முறையுடன் இணைத்துக்கொண்டார். அயல்நாட்டுக் கலையைக் கற்பது தன் கலையைக் கைவிடுவதாகாது என்பதற்கு அவரே சான்று.

ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவர் பயிற்சி நூல்களை வெளியிடத் தொடங்கினார். வருமானமும் புதிய மாணவர்களும் அவருக்குத் தேவையாயிருந்தன. 1812இல் வெளிவந்த நூலொன்றில், எந்த உருவத்தையும் வட்டங்களாகவும் நேர்கோடுகளாகவும் பிரித்து, கவராயமும் அடிமட்டமும் கொண்டு அமைக்கும் முறையைக் காட்டினார். அதன் அடுத்த பாகத்தில் ஜப்பானிய எழுத்துகளின் வளைவுகளிலிருந்தே உருவங்களை உருவாக்கினார். பள்ளிவாசல் அலங்காரங்களின் கணித ஒழுங்கையும் அரபு எழுத்தணிக் கலையையும், கோலத்தின் புள்ளிகளையும் இழைகளையும் கண்டு பழகிய நமக்கு இம்முறை அந்நியமானதன்று.

அதே 1812இல் அவர் நகோயா நகருக்குச் சென்று மாணவர் ஒருவரின் இல்லத்தில் தங்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். அவையே 1814இல் 'ஹொகுசாய் மங்கா' என்ற பெயரில் முதற்பாகமாக வெளிவந்தன. மனம் போன போக்கில் வரைந்த படங்கள் என்பதே அன்று அச்சொல்லின் பொருள். இன்றுள்ள தொடர்கதைப் படங்கள் வேறு. மல்லர்கள், தச்சர்கள், பருத்தவர்கள், மெலிந்தவர்கள், மீன்கள், பறவைகள், அலைகள் என ஏறத்தாழ 4000 உருவங்களைக் கொண்ட அத்தொகுதியின் பதினைந்தாவது பாகம், அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் 1878இல் வெளிவந்தது. அதில் விளக்கங்கள் மிகக் குறைவு. மனிதர் எவ்வாறு குனிகின்றனர், சுமக்கின்றனர், சிரிக்கின்றனர் என்பதைப் பார்க்கப் பழக்குவதே அதன் பணி.

இவ்வாறு பார்த்துப் பழகியதன் பயன் 1831ஆம் ஆண்டளவில் வெளிவந்த 'பேரலை' ஓவியத்தில் தெரிந்தது. 2004 டிசம்பர் 26ஐ மறக்கவியலாத நம் கரையோர மக்கள் அதனை ஆழிப்பேரலை என்றே எண்ணக்கூடும். உண்மையில் அது நடுக்கடலில் எழும் அலையாகும். அதன் கீழே மூன்று படகுகளில் குனிந்து பற்றிக்கொண்டிருக்கும் மனிதரை உற்று நோக்கினால், கொட்டியாரக் குடாவின் கடற்றொழிலாளர் நினைவுக்கு வருவர்.

புகழ் வந்தபோதும் வறுமை அவரை விட்டகலவில்லை. பேரன் தேடி வைத்த கடன்கள் அவரை வாட்டின. 1839இல் ஏற்பட்ட தீவிபத்தில் இல்லமும் வரைபடங்களும் அழிந்தன. ஓவியரான மகள் ஓயி அவருக்குத் துணை நின்றார். எண்பது வயதைக் கடந்த பின்னரும், 1842, 1843ஆம் ஆண்டுகளில் காலைதோறும் சிங்க உருவமொன்றை வரைவதை வழக்கமாக்கிக்கொண்டார். எழுபது வயது வரை தாம் வரைந்தவை பொருட்படுத்தத் தக்கவையல்ல என்று தமது நூலொன்றில் எழுதி வைத்த அவர், 1848இல் வண்ணம் தீட்டும் முறை பற்றி மேலுமொரு பயிற்சி நூலை வெளியிட்டு, 1849இல் மறைந்தார்.

இவ்வாழ்விலிருந்து நூலைத் தெரிவு செய்வதற்கான அளவுகோல்கள் கிடைக்கின்றன. முற்றுப்பெற்ற முகங்களை மட்டும் காட்டும் நூலைத் தவிர்க்க வேண்டும். வட்டத்திலும் கோட்டிலும் தொடங்கி, உருவம் படிப்படியாக வளர்வதைக் காட்டும் நூலே தொடக்க மாணவருக்கு ஏற்றது. முகத்தோடு நில்லாது கை, கால், வளைந்த முதுகு, ஆடையின் மடிப்பு, தூரமும் அண்மையும் ஆகியவற்றையும் அது கற்பிக்க வேண்டும். பார்த்து வரைதலும் ஒரு பயிற்சியே. எனினும் நூலை மூடிவிட்டு வெளியே சென்று வரையத் தூண்டாத நூல் பாதி நூலேயாகும். வாங்குமுன் நடுப்பக்கமொன்றைத் திறந்து, அதிலுள்ள படிமுறையைப் பிள்ளையால் தானாகப் பின்பற்ற முடிகின்றதா என்று பார்ப்பது போதுமானது. வாங்க வசதியற்றோர் கவலைப்படவும் தேவையில்லை. ஹொகுசாயின் மங்காப் பக்கங்களைப் பெரிய அருங்காட்சியகங்கள் பல தம் இணையத்தளங்களில் இலவசமாகப் பார்க்க வைத்துள்ளன.

கோட்டையினுள் உலாவும் புள்ளிமான்களும், கரையில் கவிழ்த்து வைத்த தோணிகளும், வலை திருத்தும் விரல்களும் வரைவாரின்றிக் காத்திருக்கின்றன. மங்கா பழகும் நம் பிள்ளையின் கொப்பியில் என்றேனும் அவையும் இடம்பெறுமாயின், வாங்கிய நூல் நல்ல நூலே என்று பெற்றோர் நிறைவு கொள்ளலாம்.